துரையின் திங்கட்கிழமைச் சத்தி

எங்கள் வீட்டுப் பூனைக்குத் துரை என்று பெயர். வெள்ளை உடம்பு, சாம்பல் கண், யார் கூப்பிட்டாலும் உடனே திரும்பிப் பார்க்காத குணம். சித்தப்பாதான் அந்தப் பெயரை வைத்தார். அப்பாவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. அப்பா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். அங்கே அவருக்கு மேலே அசல் வெள்ளைக்காரத் துரை ஒருவர் இருந்தார். நான் முற்றத்தில் நின்று, "துரை, கருவாடு தின்ன வாங்கோ" என்று கூப்பிட்டால், அப்பா சாய்மனைக் கதிரையிலிருந்து எழுந்து வந்து ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்ப்பார்.

"பிள்ளை, பேரைச் சொல்லாமல் கூப்பிடு. ஆரும் கேட்டால் என்ர உத்தியோகத்துக்குத்தான் கேடு" என்பார்.

பெயரைச் சொல்லாமல் கூப்பிட்டால் துரை வரமாட்டார். பெயருக்குத் தக்கபடி நானும் அவரை மரியாதையாகத்தான் பேசுவேன். இப்போது எழுதும்போதும் 'அது' என்று எழுதக் கை வரவில்லை.

நாங்கள் இருந்தது கொழும்பில், வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில். ஒழுங்கையின் அடியில் ரயில் பாதை. பாதைக்கு அந்தப் பக்கம் பாறையும் கடலும். இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்திய காலம். ஒழுங்கையின் மேல்முனையில் எங்களைப் போல யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்த குடும்பங்கள். அடிமுனையில், கடற்காற்று நேரே படுகிற இடத்தில், ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர் வீடுகள். அந்த யன்னல்களில் பூவேலைத் திரை தொங்கும். பின்னேரங்களில் பியானோச் சத்தம் கேட்கும். மேல்முனையும் அடிமுனையும் வழியில் கண்டால் சிரித்துக்கொள்ளும், அவ்வளவுதான். மதில்களின் மேலால் இரண்டு முனைக்கும் போய்வந்தவர் துரை ஒருவர்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா. சித்தப்பாவுக்குக் கோட்டையில் ஒரு கப்பல் கொம்பனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவருக்குச் சுருக்கெழுத்து வகுப்பு இருந்தது. கந்தோருக்குப் போகிற நாளில் போடாத நல்ல சேட்டை வகுப்புக்குப் போகிற நாளில் எதற்குப் போடுகிறார் என்று நான் கேட்டதில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. உலகத்தில் எனக்குத் தெரியாதது அதிகமில்லை என்றுதான் எண்ணம். ஆனால் வீட்டுக்கு ஆட்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். தெரிந்ததை அந்நியர் முன்னால் சொல்ல எனக்கு வாய் வராது. அது இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த வருடம் மழை பிடித்த பிறகு துரைக்கு ஒரு வருத்தம் கண்டது. சத்தி எடுக்கத் தொடங்கினார். முதலில் எங்கேயோ ஒரு யோசனையாக நடப்பார். பிறகு நின்று முதுகை வளைப்பார். வயிறு உள்ளே போய் வெளியே வரும். அக், அக் என்று ஒரு சத்தம். அதற்குள் நான் ஓடிப்போய் அவரைத் தூக்கி முற்றத்தில் விட்டால் தப்பினோம். இல்லாவிட்டால் பாய், வாசற்படி, அப்பாவின் சப்பாத்து, எதையும் அவர் பார்க்கமாட்டார். முடித்துக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோலப் போய் வெயிலில் இருந்து முகம் கழுவுவார்.

அம்மா அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து அதன் மேல் தூவி, கமுகம்பாளைத் துண்டால் வழித்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். யாரும் கிட்ட வந்து பார்க்கும் முன்னரே இடம் துப்புரவாகிவிடும். அம்மாவுக்கு அத்தனை கைவேகம் வேறு எந்த வேலையிலும் நான் கண்டதில்லை.

எல்லோருக்கும் காரணம் தெரிந்திருந்தது. அப்பா வயிற்றுப் பூச்சி என்றார். களனிப் பக்கமிருந்து தலையில் கூடையோடு வருகிற மரக்கறிக்காரச் சிங்களப் பெண், துரையைக் குனிந்து ஒருமுறை பார்த்துவிட்டு, "ஹூனெக் காலா, நோனா" என்றாள். பல்லியைத் தின்றுவிட்டாராம். அதை அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால் பல்லி அவளுக்குத் தெரிந்த பல்லிபோல இருந்தது. சித்தப்பாவிடம் கேட்டேன். அவர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு, "துரைமாருக்குச் சாப்பாடு ஒத்துவராது குஞ்சு, சீமைக்குப் போனால் சுகமாகிடும்" என்றார்.

இப்படி இருக்கும்போதுதான் மாமி வந்தா. அப்பாவின் தமக்கை. சித்தப்பாவுக்குக் கலியாணம் பேசி முடிக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டே ரயிலால் இறங்கினா. பெண்ணையும் பார்த்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தா. பெண்ணின் தகப்பன் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர். ஹெவ்லொக் டவுனில் மகன் வீட்டில் வந்து தங்கியிருந்தார். இங்கிலாந்து ராசாவின் பிறந்தநாள் லீவு ஒரு திங்கட்கிழமையில் வந்தது. எல்லோருக்கும் கந்தோர் இல்லை. அன்றைக்குக் கலியாணப் பேச்சுக்காலுக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

மாமி வந்து முதல் திங்கட்கிழமை. விடிய எழுந்து தோய்ந்து, நெற்றியில் திருநீற்றோடு சாமி அறைக்குள் கால் வைக்கப் போனா. வாசலில் துரை முதுகை வளைத்துக்கொண்டு நின்றார். நான் ஓடினேன். எட்டவில்லை.

"என்னடி பிள்ளை இது, சாமி வாசல்ல!"

"பூனைதானே மச்சாள், ஏதோ தின்னுட்டுது" என்றாள் அம்மா. அதற்குள் சாம்பல் வந்துவிட்டது.

"ஏதோ எண்டால்? நல்ல காரியம் கதைக்கிற வீட்டில இப்படிச் சகுனம் காட்டினால் உருப்படுமோ? கண்ணூறாக்கும்."

அந்தக் கிழமை முழுக்கத் துரைக்கு வைத்தியம் நடந்தது. மாமி செத்தல் மிளகாயும் உப்பும் கொண்டு அவரைச் சுற்றி அடுப்பில் போட்டா. நாங்கள் எல்லோரும் இருமினோம், துரை மதிலுக்கு மேலே போய்விட்டார். அப்பா ஆமணக்கெண்ணெயைக் கரண்டியில் எடுத்து, ஒரு துவாயால் துரையைச் சுற்றிப் பிடித்து வாயில் ஊற்றினார். பாதி எண்ணெய் அப்பாவின் பெனியனில். கையில் கோடு கோடாகக் கீறல். மறுநாள் கந்தோரில் கேட்டவர்களுக்கு ரோசாச் செடி வெட்டினதாகச் சொன்னாராம். நான் அறுகம்புல்லைப் பிடுங்கிக் கொடுத்தேன். அதை மட்டும் அவர் தானாகத் தின்றார்.

செவ்வாய் போனது, புதன் போனது, சத்தி இல்லை. கண்ணூறு கழிந்ததென்றா மாமி. பூச்சி செத்தது என்றார் அப்பா. மரக்கறிக்காரி பல்லி செமித்துவிட்டதென்றாள். புல்லுத்தான் சுகப்படுத்தியது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை.

அடுத்த திங்கட்கிழமை விடியத் துரை மறுபடியும் எடுத்தார். இந்த முறை அம்மா கிணற்றடியில் நின்றாள். முதலில் வந்து பார்த்தவர் அப்பா. குந்தியிருந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பார்த்துவிட்டு, "இது விளக்குமாறு" என்றார்.

உண்மைதான். சத்திக்குள்ளே ஒரு விரல் நீளத்துக்குத் தென்னை ஈர்க்கு கிடந்தது. அதோடு பச்சையும் கறுப்புமாக ஏதோ ஒரு சவ்வு. அன்று முதல் விளக்குமாறு குசினி நிலைக்கு மேலே ஆணியில் தொங்கியது. முற்றம் கூட்ட அம்மா கதிரை வைத்து ஏற வேண்டியிருந்தது. "விளக்குமாறு தின்னுற பூனை வீட்டுக்கு ஆகாது" என்றா மாமி. வருகிற திங்கள் வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் காலடியில் இந்த அலங்கோலம் நடந்தால் பிறகு யார் பெண் தருவார்கள்? அதனால் அன்று விடிய மரக்கறிக்காரி வரும்போது துரையைச் சாக்கில் கட்டிக் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. அவள் களனி கங்கைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவிடுவாள். ஆற்றுக்கு அப்பால் விட்ட பூனை திரும்பி வராதாம்.

நான் அழுதேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "வருத்தக்காரப் பூனை பிள்ளை, என்ன செய்யிறது" என்றார்.

அழுது முடித்த பிறகு யோசித்தேன். அழுதால் யோசனை நன்றாக வருகிற ஆள் நான். துரைக்கு வருத்தம் என்றால் எல்லா நாளும் அல்லவா வர வேண்டும்? திங்கள் விடியத்தான் வருகிறது. திங்கள் எங்கள் வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. அதைக் கண்டு அவருக்கு வெறுப்பு என்றால், உலை வைக்கும் முன்னரே எப்படி எடுப்பார்? அப்படியென்றால் ஞாயிற்றுக்கிழமை எங்கேயோ எதையோ தின்கிறார். அது எங்கள் வீட்டு விளக்குமாறு இல்லை. அதன் ஈர்க்கு பழசாகிக் கறுத்தது, இது வெள்ளை. இதை யாரிடமும் சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன்.

அந்தக் கிழமை மாமி பலகாரம் செய்தா. பயத்தம் பணியாரமும் முறுக்கும் தகரப் பேணிகளில் நிரம்பின. ஒன்று எடுக்கப் போன என் கையில் ஒரு தட்டு விழுந்தது.

"வாறவைக்கு எடுத்து வைக்கிறன், வையடி."

"அவையள் இவ்வளவும் சாப்பிடுவினமோ மாமி?"

"சாப்பிட மாட்டினம். பேச்சு முற்றாகுமட்டும் ஒருத்தரும் கை நனைக்கிறதில்லை. பொம்பிளை வீட்டிலயோ மாப்பிள்ளை வீட்டிலயோ கை நனைச்சால் சரி எண்டு அர்த்தம். பிறகு பின்வாங்கேலாது."

அது எனக்கு நல்ல சட்டமாகப் பட்டது. மனத்தில் வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு மத்தியானம் சித்தப்பா வகுப்புக்கு வெளிக்கிட்டார். நல்ல சேட்டு, நல்ல சப்பாத்து. அவர் படலையைத் தாண்டினதும், படுத்திருந்த துரை எழுந்து சோம்பல் முறித்து மதிலில் ஏறினார். துரைக்குப் பின்னால் நான். நான் பின்தொடர்ந்தது பூனையைத்தான், சித்தப்பாவை அல்ல. அவர் முன்னால் போய்க்கொண்டிருந்தது தற்செயல். வகுப்புக்குப் போகிறவர் மேலே காலி வீதிக்கு ஏறாமல் கீழே கடற்பக்கம் ஏன் இறங்குகிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அது என் வேலை இல்லை.

சித்தப்பா அடிமுனையில் கடைசிக்கு முந்தின வீட்டுப் படலையைத் திறந்தார். துரை அந்த வீட்டுப் பின்மதிலால் குதித்தார். நான் பக்கத்துச் சந்தால் போய்க் குசினிப் பின்படியடிக்கு வந்தேன்.

கதவு திறந்திருந்தது. உள்ளே மேசை. மேசைக்கு முன்னால் சித்தப்பா. எதிரே கட்டை மயிரும் பச்சைப் பூக்கவுனுமாக ஒரு பெண். அவளுடைய தாயாக இருக்க வேண்டும், உடம்பு பருத்த ஒரு பறங்கி அம்மா அடுப்பிலிருந்து பொட்டலங்களை எடுத்து வைத்தா. வாழையிலைப் பொட்டலங்கள். இலை நெருப்பில் கருகிப் பழுப்பாகியிருந்தது. விரிந்துபோகாமல் ஈர்க்குத் துண்டுகளால் குத்தியிருந்தார்கள். திறந்ததும் வந்த வாசம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. சோறும் இறைச்சியும் நெய்யும் கருகிய இலையும் சேர்ந்த வாசம். லம்பிறைஸ் என்று அதற்குப் பெயர். அதைப் பிற்பாடுதான் அறிந்தேன். பறங்கியர் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு.

சித்தப்பா முள்ளுக்கரண்டியால் சாப்பிட்டார். வீட்டில் கையால் குழைத்து உருட்டிச் சாப்பிடுகிற சித்தப்பா! அவர் சாப்பிட்டு முடித்த முதல் பொட்டலத்து இலையை அந்த அம்மா எடுத்து வந்து, "கம், பேபி" என்று படியில் வைத்தா. எங்கள் துரை வாலைத் தூக்கிக்கொண்டு போனார். அடிமுனையில் அவருடைய பெயர் பேபி! எந்தக் கூச்சமும் இல்லாமல் அந்தப் பெயருக்குப் போனார். இலையில் ஒட்டிய நெய்யை நக்கினார், பிறகு இலையையே கடித்துக் கிழித்தார், ஒரு ஈர்க்கும் சேர்ந்து உள்ளே போனது.

"ஐயோ, ஈர்க்கைத் தின்னாதேங்கோ!" என்று நான் பாய்ந்து இலையைப் பறித்தேன்.

சித்தப்பாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அந்தப் பெண் எழுந்து வந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, "வாங்கோ, இருங்கோ" என்றாள். அச்சாக எங்கள் ஊர்த் தமிழ். யார் சொல்லிக்கொடுத்தார்களோ! ஒரு தட்டில் கேக் துண்டு வைத்து நீட்டினாள். முந்திரியும் தேனும் மணத்தது. நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாம். முற்றாக்காமல் ஒருத்தர் வீட்டிலயும் கை நனைக்கப்படாதாம். மாமி சொன்னவ."

சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. அந்த அம்மா அவர் முதுகில் தட்டினா. தண்ணீர் குடித்து மூச்சு வந்த பிறகு அவர் தன் கையைப் பார்த்தார், கரண்டியைப் பார்த்தார்.

"நான் கை நனைக்கேல்லையடி குஞ்சு. கரண்டியாலதானே சாப்பிடுறன்" என்றார்.

அது எனக்குச் சரியாகத்தான் பட்டது.

திரும்பி வரும்போது சித்தப்பா என்னை ரயில் பாதை ஓரமாகக் கூட்டிவந்தார். துரைக்கு நாளைக்குச் சாக்கு என்று அவருக்குத் தெரியும். ஆனால் அந்த ஈர்க்கு எங்கிருந்து வந்தது என்று அதுவரை அவரும் யோசிக்கவில்லை. நான் விளக்கிச் சொன்னேன். திங்கள் ஏன், ஈர்க்கு ஏன், கருகிய சவ்வு ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் நின்று கடலைப் பார்த்தார். ஒரு ரயில் எங்களைத் தாண்டிப் போனது.

"இப்ப போய் அப்பாட்டைச் சொல்லப் போறன்" என்றேன்.

"சொன்னால் அப்பா என்னை ஏசுவார். மாமி கத்துவா. காலையில பூனை சாக்குக்குள்ளதான் போகும். அதுவோ உனக்கு வேணும்?"

"அப்ப என்ன செய்யிறது?"

"நாளைக்கு அவையள் வந்து முன்னால இருக்கேக்க சொல்லு. வந்தவைக்கு முன்னால சொன்னால் ஒருத்தராலும் ஒண்டும் செய்யேலாது. இலையையும் கொண்டே காட்டு."

"நீங்களே சொல்லுங்கோவன்."

"எனக்கு வாய் வராது. உன்னைப் போலத்தான் நானும், ஆக்களுக்கு முன்னால தொண்டை அடைச்சிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "உனக்கும் பயமெண்டால் விடு. துரை ஆத்துக்கு அப்பால போய் எப்படியும் பிழைச்சுக்கொள்ளுவார்."

"எனக்கென்ன பயம்" என்றேன். கருகிய இலைத்துண்டை ஈர்க்கோடு சட்டைப் பைக்குள் வைத்தேன்.

மறுநாள் ராசாவின் பிறந்தநாள். பக்கத்து நெசவு மில்லின் சங்குகூட ஊதவில்லை. விடியத் துரையைத் தேடிப் பிடித்துச் சாக்கில் போட்டவர் அப்பா. கையில் பழைய கீறலுக்கு மேல் புதுக் கீறல். மரக்கறிக்காரி வர அன்றைக்கென்று பிந்திவிட்டது. வந்தவர்கள் முந்திவிட்டார்கள். முன் விறாந்தையில் ஸ்ரேசன் மாஸ்ரர், சரிகைச் சால்வையும் மணிக்கூட்டுச் சங்கிலியுமாக. பக்கத்தில் அவருடைய மைத்துனர். எதிரே அப்பாவும், தலைகுனிந்த சித்தப்பாவும். மாமி நிலையருகில் நின்றா. நடுவில் ஒரு தட்டு நிறையப் பணியாரம். ஒருவரும் தொடவில்லை. சட்டப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். சாதகம் பொருந்தியதைப் பற்றி மாமி சொன்னா. பெண்ணின் சமையலைப் பற்றி மைத்துனர் சொன்னார். பின்பக்கத்தில் மரக்கறிக்காரியின் குரல் கேட்டது. சாக்கு அசைகிற சத்தம். அம்மா அவளோடு தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். இன்னும் கொஞ்ச நேரத்தில் துரை ஆற்றைக் கடந்துவிடுவார்.

எப்படி நடந்து வந்தேனோ தெரியாது. பணியாரத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"துரைக்கு வருத்தமில்லை" என்றேன்.

ஸ்ரேசன் மாஸ்ரர் அப்பாவைப் பார்த்தார். "ஆருக்கு? உங்கட கந்தோர்த் துரைக்கோ?"

"பூனை, பூனை" என்றார் அப்பா அவசரமாக. "பிள்ளை, உள்ள போ."

"துரை விளக்குமாறு தின்னுறேல்லை. ஞாயிற்றுக்கிழமையில சித்தப்பா சாப்பிட்ட இலையைத் தின்னுறார். அதாலதான் திங்கட்கிழமை சத்தி எடுக்கிறார். இந்தா இலை. கருகியிருக்கு, பாருங்கோ. இந்தா ஈர்க்கு."

மாஸ்ரர் கையை நீட்டினார். இலையைக் கொடுத்தேன். ரயில் ரிக்கற் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார்.

"எந்த வீட்டில பிள்ளை, சித்தப்பா சாப்பிடுறவர்?"

"கீழ, கடைசிக்கு முந்தின வீடு. ஒரு அம்மாவும் ஒரு அக்காவும் இருக்கினம். அந்த அக்கா 'வாங்கோ, இருங்கோ' எண்டு நல்ல வடிவாத் தமிழ் கதைக்கிறவ."

"பறங்கி வீட்டிலயோ!" என்று மாமி நிலையைப் பிடித்துக்கொண்டா.

அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து மரக்கறிக்காரியின் ஓலம். சாக்கைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, தன் கூடைக் கீரையெல்லாம் நாசமாகிவிட்டது என்று சிங்களத்தில் ஏசிக்கொண்டு நடுவாசல்வரை வந்துவிட்டாள். திங்கட்கிழமை அல்லவா? துரை சாக்குக்குள்ளேயே எடுத்துவிட்டார். சாக்கின் அடியில் ஒட்டியிருந்தது மாஸ்ரரின் கையில் இருந்ததைப் போலவே கருகிய ஒரு துண்டு இலை. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போடவில்லை. போடாமலே அவருக்குத் தெரிந்தது.

பின்னால் அம்மா நின்றாள். அவள் இலையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சித்தப்பாவைத்தான் பார்த்தாள்.

மைத்துனர் எழுந்துவிட்டார். மாஸ்ரர் மட்டும் இருந்தபடி, சித்தப்பாவிடம் அல்ல, என்னிடம் கேட்டார்: "அப்ப, அங்க கை நனைச்சாச்சோ?"

சித்தப்பாவின் பக்கமாகப் பேச அங்கே யாரும் இல்லை. அவருக்காக நான்தான் நிற்க வேண்டியிருந்தது.

"இல்லை! சித்தப்பா கை நனைக்கேல்லை. முள்ளுக்கரண்டியாலதான் சாப்பிட்டவர்" என்றேன்.

மாஸ்ரர் சிரித்தார். வாய்விட்டு, வயிறு குலுங்க, மணிக்கூட்டுச் சங்கிலி ஆடச் சிரித்தார். மாமியின் முகம் அப்போது இருந்த நிலையை எழுத எனக்குத் தெரியவில்லை. மாஸ்ரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சால்வையைத் தோளில் போட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ, நாங்கள் விசாரிச்சு..." என்று அப்பா தொடங்கினார்.

"ஒரு குறையுமில்லை. பிறகு தெரியிறதிலும் பாக்க இப்ப தெரிஞ்சது என்ர பிள்ளைக்கு நல்லது" என்றார். படியில் இறங்கி, செருப்பைக் கொளுவிக்கொண்டு திரும்பினார். "ஒண்டு மட்டும் கேக்கிறன். அந்தப் பூனையை அவிட்டு விடுங்கோ."

வீட்டுக்கு வந்தவர், தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவர், கேட்டது அது ஒன்றுதான். மாமியால் என்ன சொல்ல முடியும்? அம்மாவே முடிச்சை அவிழ்த்தாள். துரை வெளியே வந்து, எங்கள் யாரையும் பார்க்காமல், முற்றத்தில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து இருந்து முகம் கழுவத் தொடங்கினார்.

பிறகு வீட்டில் நடந்ததை நீட்டி எழுத விருப்பமில்லை. மாமி அழுதா. அப்பா முன்னும் பின்னும் நடந்து, கடைசியில் சித்தப்பாவுக்கு முன்னால் நின்று, "சுருக்கெழுத்தில எவ்வளவு படிச்சனி?" என்று கேட்டார். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். அழுகிறாளாக்கும் என்று எட்டிப் பார்த்தேன். தோள் குலுங்கியது. மாமி மெயில் ரயிலில் ஊருக்குப் போனா. சித்தப்பா சில மாதத்தில் ஒழுங்கையின் அடிமுனைக்குக் குடிபோனார். அப்பா அந்தப் பக்கம் உலாவப் போவதை நிறுத்தினார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாய்மனைக் கதிரையை விறாந்தையின் ஓரத்துக்கு, கடற்காற்று வருகிற பக்கமாக இழுத்துப் போட்டுக்கொள்வார். அந்த வீட்டு அம்மா இலையைப் படியில் வைப்பதை விட்டு, இறைச்சியை மட்டும் ஒரு சாசரில் வைக்கத் தொடங்கினா. அதற்குப் பிறகு எந்தத் திங்கட்கிழமையும் துரைக்குச் சத்தி வரவில்லை. நான் சொன்னது சரி என்று யாரும் வந்து என்னிடம் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் எனக்குச் சித்தப்பாவை நினைக்கத்தான் மனம் பொறுக்கவில்லை. துரையைக் காப்பாற்றுவதற்காக, அந்த நல்ல மனிதர் தனக்கு வந்த பெண்ணையே விட்டுக்கொடுத்துவிட்டார். ஒரு பூனைக்காக யார் அப்படிச் செய்வார்கள்? அவர் சாப்பாட்டுக்கும் வரவில்லை. கிணற்றடிக் கல்லில் தனியே இருந்தார். தகரப் பேணியில் இருந்து ஆகப் பெரிய பயத்தம் பணியாரத்தை எடுத்துக்கொண்டு போனேன். இந்த முறை கையில் தட்ட யாரும் இல்லை.

"கவலைப்படாதேங்கோ சித்தப்பா. வேற பொம்பிளை கிடைக்கும்" என்றேன்.

அவர் பணியாரத்தை வாங்கிக் கையால் உடைத்து, ஒரு பாதியை வாயில் போட்டார். அப்போது துரை உலாவிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். சித்தப்பா கல்லிலிருந்து இறங்கி, வேட்டி நனைவதையும் பாராமல் நிலத்தில் குந்தினார். துரையின் முன்காலைப் பிடித்து, கைகுலுக்குவதுபோல இரண்டு தரம் ஆட்டினார்.

"தேங்க் யூ, சேர்" என்றார். கொம்பனிப் பெரியவரோடு பேசுகிற அதே குரலில். கண் கலங்கியிருந்தது.

பாவம், பெண் போன கவலையில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன். துரையோ காலை உதறி எடுத்துக்கொண்டு, அவ்வளவு பெரிய உபகாரம் செய்தவரைத் திரும்பியும் பாராமல் நடந்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பின்னாலே ஓடிப்போய் அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"நன்றி கெட்ட பூனை! நீங்களல்லோ அவருக்குச் சொல்ல வேணும்!"